பருத்த முளை

அக்காவின் சாப்பாட்டுக் கடையில் எதைக் கேட்டாலும் முளை இல்லாமல் தட்டு வெளியே வராது. சூப் கேட்டால், கொதிக்கிற கிண்ணத்தின் தலையில் ஒரு கைப்பிடி பச்சையாகப் போட்டுத் தருவாள். மேசைக்கு வந்து சேர்வதற்குள் அது பாதி வெந்து பாதி வேகாமல், கடித்தால் நறுக்கென்று இருக்கும். நூடுல்ஸ் கேட்டால், வாணலியில் தீ எகிறும் நேரத்தில் கடைசியாக அள்ளிப் போட்டு இரண்டு புரட்டு, அவ்வளவுதான். மூன்றாவது புரட்டு புரட்டினால் தண்ணீர் விட்டுச் சொதசொதத்துப் போகும். அப்பளம் போல மெல்லிசான அரிசித் தாளில் இறாலோடு வைத்துச் சுருட்டித் தருவாள். வினிகரும் பூண்டும் மிளகாயும் சேர்த்துப் பிசறி வைப்பாள். முட்டையில் கலந்து தடிமனாக வார்ப்பாள். எதிரே பஞ்சர் கடை வைத்திருந்தவர், "டீயிலயும் ரெண்டு போட்டுக் குடுத்துடுக்கா, குறை எதுக்கு?" என்பார். அவருக்கு அவளைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். இருந்தாலும் அக்காதான். அந்தத் தெருவில் பல் விழுந்தவர்களுக்கும் பல் முளைக்காதவர்களுக்கும் அவள் அக்கா.

முளை என்றால், வீட்டில் ஈரத்துணியில் கட்டிவைத்து மறுநாள் மூக்கு நீட்டியதும் அவித்துத் தின்கிறோமே, அது இல்லை. அதே பச்சைப்பயறுதான். ஆனால் இருட்டில் போட்டு, நேரம் தவறாமல் தண்ணீர் காட்டி, விரல் நீளத்துக்கு வளர்த்தெடுப்பது. வெள்ளை வெளேரென்று தண்டு, நுனியில் மஞ்சளாக ஒரு குட்டி மண்டை. வெளிச்சம் பட்டால் போச்சு, பச்சை பாய்ந்து கசந்துவிடும். கடைக்கு அடியில் இருந்த கீழறையில் அக்காவின் தம்பி இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தான். பட்டப்பகலில் இருட்டுக்குள் கிடப்பதால் அவனுக்கு ஆந்தை என்று பெயர். பெயர் வைத்தவளே அக்காதான். ஆனால் அந்தப் பெயரைத் தெரு எடுத்துக்கொண்டபோது மட்டும், "என் தம்பியை ஆந்தைன்னு சொல்ல நீங்க யாரு?" என்று சண்டைக்குப் போனாள்.

கீழறையில் சுவரோரமாக இடுப்பு உயரத்துக்கு பிளாஸ்டிக் டிரம்கள். அடியில் ஓட்டை, மேலே ஈரச் சாக்கு. முளைக்கிற பயறு சூடு கிளப்பும். புதிதாகப் பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள். டிரம்முக்குள் கையை விட்டால் காய்ச்சல்காரனைத் தொட்ட மாதிரி இருக்கும். தண்ணீர் காட்டத் தவறினால் அந்தச் சூட்டிலேயே தானாக வெந்து அழுகிவிடும். அதனால் ஆந்தையோ அவன் மனைவியோ வேளை தவறாமல் இறங்கிப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, சின்ன டார்ச்சு வெளிச்சத்தில் குழாயைப் பிடித்து ஒவ்வொரு டிரம்மாக நனைத்துவிட்டு வருவார்கள். மேலே அடுப்படியில் நிற்கும் அக்காவுக்குத் தரை வழியாக அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நிறைந்த டிரம்முக்கு ஒரு சத்தம், பாதி டிரம்முக்கு இன்னொரு சத்தம். யார் எந்த மூலையில் நிற்கிறார்கள் என்று பார்க்காமலே சொல்லிவிடுவாள்.

ஆந்தையின் மனைவியைத் தெரு புதுப்பொண்ணு என்றுதான் கூப்பிட்டது. கல்யாணமாகி வந்த அன்று ஒட்டிய பெயர், எட்டு வருஷமாகியும் உரியவில்லை. ஒரு பிள்ளை பிறந்திருந்தால் இன்னாருடைய அம்மா என்று மாறியிருக்கும். பிறக்கவில்லை. அவளும் அந்தப் பெயருக்குச் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டாள். ஒரே ஒரு முறை அக்காவுக்கு நாக்கு தடித்துவிட்டது. எதில் ஆரம்பித்த சண்டை என்றுகூட இப்போது நினைவில்லை, தட்டு உடைந்ததோ உப்பு கூடியதோ. "போட்ட பயறே ராத்திரியோட ராத்திரியா முளைச்சுடுது" என்று சொல்லிவிட்டாள். சொல்லி வாயை மூடுவதற்குள் புதுப்பொண்ணு கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அழவில்லை, எதிர்த்துப் பேசவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல, "அண்ணி, காப்பி" என்று டம்ளரை நீட்டினாள். அதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் கணக்கு தீர்ந்திருக்கும். பிள்ளை விஷயத்தில் இனி அவள் மனம் நோகும்படி ஒரு சொல் தன் வாயிலிருந்து வராது என்று அன்றைக்கே தீர்மானம் செய்துகொண்டாள். நல்ல தீர்மானம்தான். அந்த வீட்டை மூழ்கடித்ததும் அதுதான்.

ஆரம்பித்துவைத்தவர் டைக்காரர். பெரிய ஓட்டல் ஒன்றுக்குச் சரக்கு வாங்கிப் போடுகிற ஆள். கழுத்தில் டை கட்டிக்கொண்டு அந்தச் சந்துக்குள் நுழைந்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். அக்காவின் சூப்பைச் சொட்டு விடாமல் குடித்துவிட்டு, ஒரு முளையை மட்டும் மிச்சம் வைத்து, அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"ருசியில குறையே இல்லீங்க. ஆனா நூல் மாதிரி இருக்கே? எங்க செஃப் பாத்தா திருப்பி அனுப்பிடுவாரு. குண்டா, வேர் குட்டையா, தட்டுல போட்டா எழுந்து நிக்கணும். அப்படிக் குடுக்க முடிஞ்சா தினமும் வண்டி அனுப்பறேன்."

"தட்டுல எழுந்து நிக்கறதுக்கு அது என்ன சலாம் போடற சிப்பாயா?" என்றாள் அக்கா. டைக்காரர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் ஆந்தைக்கு அன்றைக்கு முழுக்க அதே நினைப்பு. நேராக விதைக்கடைக்காரரிடம் போய் நின்றான். பயறு விற்பதைத் தவிர எல்லாவற்றிலும் கெட்டிக்காரர் அவர்.

"தாராளமா காத்து விட்டா அது நெட்டையாத்தான் போகும்ப்பா" என்றார் விதைக்கடைக்காரர். "காத்தை நிறுத்து. மேல கனம் ஏத்து. திணறட்டும். திணறினா பருக்கும்."

ஆந்தை அப்படியே செய்தான். கீழறைக்கு இருந்த ஒரே ஜன்னலுக்கு பிளாஸ்டிக் தாள் அடித்து நாலு பக்கமும் டேப் ஒட்டினான். காற்றை வெளியே தள்ளுகிற மின்விசிறியை நிறுத்தி, அதன் ஓட்டையில் சாக்கைச் சுருட்டி அடைத்தான். கதவின் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டினான். கதவை இழுத்தால், 'ப்ச்' என்று உதட்டைப் பிரிக்கிற மாதிரி சத்தம் வந்தது. எட்டிப் பார்க்க வந்த அக்காவுக்கு உள்ளே நுழைந்ததும் முகத்தில் வெந்நீர்ப் பானையைத் திறந்த மாதிரி ஒரு புழுக்கம் அடித்தது.

"டேய், இது முளை போடற எடமா, சமாதியா?"

"வாயைக் கழுவுக்கா" என்றான் ஆந்தை. டிரம்களின் மேல் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தான். முகமெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சந்தோஷம்.

விதைக்கடைக்காரர் சொன்னது பலித்தது. அடுத்த தடவை டிரம்மைக் கவிழ்த்தபோது முளைகள் கொழுகொழுவென்று வந்து விழுந்தன. வேர், ஒட்ட வெட்டிய நகம் அளவுக்குத்தான். அக்கா ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். கடித்ததும் வாய் நிறையத் தண்ணீர், பழைய முளையின் அந்தப் பச்சை வாசம் மட்டும் குறைச்சல். அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் வாடிக்கைக்காரர்கள் கொண்டாடினார்கள். ஓட்டல் வண்டி தினமும் வந்து சந்து வழியை அடைத்துக்கொண்டு நின்றது. வெற்றி வந்த வீட்டில் நாக்குக்கு என்ன வேலை என்று அக்காவும் சும்மா இருந்துவிட்டாள்.

கீழறையில் கரப்பான்பூச்சி இல்லாமல் போயிற்று. பல வருஷமாக மருந்து அடித்தும் போகாதது தானாகவே போய்விட்டது. பிறகு ஒரு நாள் தரை நடுவில் ஒரு எலி கால் நீட்டிச் செத்துக் கிடந்தது. பொறி வைக்கவில்லை, விஷம் வைக்கவில்லை, காயமும் இல்லை. "ஓசியில தின்னு செரிக்காம செத்திருக்கும்" என்று ஆந்தை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனான். இன்னொரு நாள் டார்ச்சில் பேட்டரி தீர்ந்துபோய், தீக்குச்சி கிழித்தான். 'சர்' என்று பிடித்த நெருப்பு உடனே சோர்ந்து அணைந்தது. இன்னொன்று கிழித்தான். அதுவும் அப்படியே. ஈரம் பட்ட பெட்டி என்று தூக்கி எறிந்துவிட்டு அக்காவிடம் வந்து வேறு பெட்டி கேட்டான். எறிந்த பெட்டியை அக்கா எடுத்து அடுப்பு பற்றவைத்தாள். நன்றாகவே எரிந்தது. அவள் ஒரு நிமிஷம் அந்தக் குச்சியைப் பார்த்தாள். அதற்குள் யாரோ ரெண்டு சூப் என்று கூப்பிட்டார்கள்.

அந்த வாரத்தில்தான் புதுப்பொண்ணு கீழேயிருந்து ஏறி வரும்போது படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"தலை கிறுகிறுன்னு வருது அண்ணி." சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

மறுநாளும் அதே கதை. அடுத்த நாளும். வேலைக்கு நடுவில் கொட்டாவி விட்டாள். உட்கார்ந்த இடத்தில் கண் சொருகினாள். மூன்றாம் தடவை அவள் வாய் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தபோது அக்கா கையில் வாணலிக் கரண்டியோடு பின்னாலேயே நின்றாள்.

"ஏம்மா, நாள் தள்ளிப் போயிருக்கா?"

புதுப்பொண்ணு முந்தானையால் வாயைத் துடைத்தாள். "எனக்கு எப்பவும் முன்னே பின்னேதானே அண்ணி... இந்தத் தடவை கொஞ்சம் அதிகமாத்தான் தள்ளியிருக்கு." சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது.

கரண்டி எங்கே போய் விழுந்ததென்று தெரியவில்லை. அக்கா அவளைக் கட்டிக்கொண்டு, கொல்லையென்றும் பாராமல் ஓவென்று அழுதாள். மருந்துக்கடையில் விற்கிற அட்டையை வாங்கிப் பார்த்துவிடலாம் என்று ஆந்தை சொன்னபோது புதுப்பொண்ணு தலையாட்டி மறுத்தாள். எட்டு வருஷத்தில் எத்தனை அட்டை, எத்தனை ஒற்றைக் கோடு. "இனிமே அதை என் கையால பிடிச்சுப் பாக்க மாட்டேன். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், டாக்டரம்மாகிட்டயே நேரா போறேன்" என்றாள். அவளை யார் வற்புறுத்துவார்கள்? அந்தக் கொஞ்ச நாளையாவது அவள் முழுசாக வாழ்ந்துகொள்ளட்டுமே என்று அக்காவுக்குத் தோன்றியது. அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சூப் இலவசம். ஏன் என்று யாரும் கேட்காமலே அக்கா ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

"நீ இனிமே அந்தப் படியில காலே வைக்கக் கூடாது" என்று அக்கா உத்தரவு போட்டாள். "வயித்துல ஒண்ணை வச்சுக்கிட்டு இருட்டுல குழாயை இழுத்துட்டுத் திரியாதே. எல்லாத்தையும் ஆந்தை பாத்துப்பான்."

ஆந்தை பார்த்துக்கொண்டான். காலை, மதியம், மாலை எல்லாத் தண்ணீரும் அவனே காட்டினான். புதுப்பொண்ணு மேலே ஜன்னலோரத்தில் உட்கார்ந்து முளைகளின் வேர்நுனியைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். ஒன்றிரண்டு நாளிலேயே அவள் முகம் தெளிந்துவிட்டது. தலைசுற்றல் இல்லை, வாந்தி இல்லை. உப்பும் மிளகுத்தூளும் தூவி, கிள்ளின முளையைப் பாதிக்குப் பாதி அவளே தின்றாள்.

"மசக்கை இவ்வளவு சீக்கிரமா தெளிஞ்சுடுமா அண்ணி?"

"சமத்துப் பிள்ளை. அம்மாவைப் படுத்தக் கூடாதுன்னு அதுக்குத் தெரியுது" என்றாள் அக்கா. சொன்னதை அவளே நம்பினாள்.

டாக்டரம்மாவிடம் போகிற நாளும் வந்தது. ஆந்தையும் கூடப் போவதாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் அந்த ஓட்டலில் ஏதோ பெரிய விருந்து. இரண்டு பங்கு சரக்கு வேண்டுமென்று டைக்காரர் சொல்லியிருந்தார். கீழறையில் ஓர் ஆள் நுழைகிற சந்து மட்டும் விட்டு டிரம்களை அடுக்கிவைத்திருந்தான். அத்தனையும் ஒரே சமயத்தில் சூடேறிக்கொண்டிருந்தன. ஒரு வேளை தண்ணீர் தவறினால் மொத்தமும் குப்பைக்குத்தான் போகும். "நான் தனியாவே போய்ட்டு வரேன், பக்கத்துலதானே" என்றாள் புதுப்பொண்ணு. நல்ல புடவையாகத் தேடிக் கட்டியிருந்தாள்.

அவள் செருப்பை மாட்டும்போதுதான் ஆந்தை காலைத் தண்ணீர் காட்டிவிட்டுக் கீழேயிருந்து வந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். கடைக்குள் நாலைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினான். வாந்தி எடுக்கிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

பஞ்சர் கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். "என்னக்கா இது? மாசம் அவங்களுக்கு, மசக்கை இவனுக்கா?"

கடையே சிரித்தது. "மாங்காய் வாங்கிட்டு வரவாடா?" என்று ஒருவர். "அடுத்த தடவை ரெண்டு பேருமா ஆஸ்பத்திரிக்குப் போங்க, யாருக்குன்னு பாத்துச் சொல்வாங்க" என்று இன்னொருவர். புதுப்பொண்ணு வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சிரித்தபடியே தெருவில் இறங்கிப் போனாள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவள் அக்காதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

கொல்லைக் கதவில் சாய்ந்து நின்றிருந்த தம்பியைப் பார்த்தாள். அதே வெளுத்த முகம். அதே சொருகின கண். கொட்டாவி விட்டான், அதுவும் அதே கொட்டாவி. கீழே இறங்கின வரைக்கும் புதுப்பொண்ணுக்கு வாந்தி. இறங்குவதை நிறுத்தினாள், நின்றுவிட்டது. இப்போது இறங்குகிறவன் இவன்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எலி, தீக்குச்சி, கரப்பான்பூச்சி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வரிசையில் நின்றன. அந்த அறையில் மூச்சு விட ஒன்றும் இல்லை. இருக்கிற காற்றையெல்லாம் அந்தப் பருத்த முளைகளே குடித்துவிடுகின்றன. அது அவளுக்கு நொடியில் புரிந்துவிட்டது. அதோடு சேர்ந்து இன்னொன்றும் புரிந்தது. அப்படியானால் புதுப்பொண்ணு வயிற்றில் ஒன்றும் இல்லை.

பிள்ளை என்று முதலில் சொன்னவள் யார்? தெரு முழுக்கத் தமுக்கடித்தவள் யார்? இப்போது இந்த வாயாலேயே, அது வெறும் புழுக்கம்டி என்று சொல்ல வேண்டுமா? ஒரு முறை அந்தப் பெண்ணின் மனதில் சூடு போட்ட வாய் இது. முடியாது என்று தோன்றியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா சொல்லிவிடுவாள். அதுவே அதன் முறைப்படி வரட்டும், நம் வாயால் வேண்டாம். அவள் திரும்பி வந்ததும் அறையைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம். சில மணி நேரந்தானே.

இப்படித்தான் அவள் நினைத்தாள். பாசத்தில்தான் நினைத்தாள், அதில் பொய் இல்லை.

மதியத் தண்ணீருக்கு ஆந்தை கிளம்பினான். அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வந்து வழியில் நின்றாள்.

"டேய், அந்த ஜன்னல்ல ஒட்டின டேப்பைக் கிழிச்சுடு."

"ஏன்?"

"புழுக்கமா இருக்குல்ல."

"நாளைக்கு வண்டி போகட்டும்க்கா, கிழிச்சுடறேன். இப்பக் காத்து விட்டா ஒரே ராத்திரியில எல்லாம் நெட்டையாப் போயிடும்."

"உனக்குத்தான் தலை சுத்துதே. கதவையாவது திறந்து வச்சுட்டுத் தண்ணி விடு."

"வெளிச்சம் பட்டா பச்சையடிக்கும்னு உனக்குத் தெரியாதா?" அவன் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "தலைசுத்தல் கெடக்குது. இவங்க சொல்றது உண்மையாக்கா? பொண்டாட்டிக்கு இருந்தா புருஷனுக்கும் வருமா? வரும்னுதான் எனக்குத் தோணுது."

அவன் முகம் மலர்ந்து கிடந்தது. தலைசுற்றலையும் வாந்தியையும் அவன் சந்தோஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறான் என்று அக்காவுக்குப் புரிந்தது. காரணத்தைச் சொன்னால் அந்தக் கணமே அவன் மனைவியின் வாந்தியும் என்னவென்று தெரிந்துகொள்வான். அவன் ஒன்றும் மக்கு இல்லை. சொல் நாக்கு வரைக்கும் வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"சீக்கிரம் வந்துடு" என்றாள்.

"இதோ" என்று இறங்கினான். கீழே கதவு 'ப்ச்' என்று திறந்து மூடியது.

சாப்பாட்டு நேரக் கூட்டம். அக்கா ஒரு வாணலியை இறக்கி இன்னொன்றை ஏற்றினாள். எண்ணெய், பூண்டு, நூடுல்ஸ், முளை, இரண்டு புரட்டு. காது மட்டும் தரையிலேயே இருந்தது. நிறைந்த டிரம், பாதி டிரம், அடுத்தது, அடுத்தது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. யாரோ மேசையில் தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள். யாரோ பில் கேட்டார்கள். அவள் துடைத்தாள், சில்லறை கொடுத்தாள், மறுபடி அடுப்புக்கு வந்தாள். கூட்டம் மெல்ல வடிந்து, கடைசியில் பஞ்சர் கடைக்காரர் மட்டும் பல் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடையில் அமைதியானபோதுதான் தண்ணீர்ச் சத்தம் மாறாமல் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. டிரம்மில் விழுகிற சத்தமே இல்லை அது. வெறும் தரையில் விழுந்துகொண்டிருந்தது. ஒரே இடத்தில், ஒரே மாதிரி. எவ்வளவு நேரமாக என்று அவளுக்குத் தெரியவில்லை.

வாணலி அப்படியே அடுப்பில் கிடக்க, அக்கா ஓடினாள். பஞ்சர் கடைக்காரர் என்னக்கா என்னக்கா என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்தார். படி பாதியில் திரும்பி இருட்டுக்குள் இறங்கும். கடைசிப் படியில் தண்ணீர் நின்றது. கதவை இழுத்தாள். ரப்பர் பட்டை விடவில்லை. இரண்டு கையாலும் இழுத்ததும் திறந்துகொண்டு, உள்ளேயிருந்து சூடான, இனிப்பும் புளிப்புமான காற்று அவள் முகத்தில் வந்து மோதியது. டிரம்களுக்கு நடுவில் இருந்த சந்தில் அவன் குப்புறக் கிடந்தான். குழாய் அவன் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கழன்று வந்த ஒரு செருப்பு தண்ணீரில் மிதந்தது.

காலைப் பிடித்து இருவருமாக இழுத்தார்கள். அதற்குள் பஞ்சர் கடைக்காரருக்கே மூச்சு முட்டி, சுவரில் மோதிக்கொண்டார். வெளியே கொண்டுவந்து படியடியில் கிடத்தி அவர் அவன் நெஞ்சை அமுக்கினார். "டேய், ஆந்தை. டேய், கண்ணு." அமுக்கினார், வாயில் ஊதினார், மறுபடி அமுக்கினார். அன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னதற்கு அக்கா சண்டைக்குப் போகவில்லை. வெகுநேரத்துக்குப் பிறகு அவர் கையை எடுத்தார். அக்காவின் முகத்தைப் பார்க்காமல், "வண்டி கொண்டாறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். அவர் ஓடவில்லை. ஒவ்வொரு படியாக ஏறிப் போனார். அதிலேயே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

கடைசிப் படியில் உட்கார்ந்து தம்பியின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஈரத்தில் ஒட்டிக்கிடந்த முடியை ஒதுக்கிவிட்டாள். மதியம் தொண்டைக்குள் அடைத்துக்கொண்ட வார்த்தை இப்போது தடையே இல்லாமல் வந்தது. "பிள்ளை இல்லடா. அது இந்த ரூம்தான்டா. அவளுக்கும் இந்த ரூம்தான், உனக்கும் இந்த ரூம்தான். எனக்குக் காலையிலேயே தெரியும்டா." திரும்பத் திரும்பச் சொன்னாள். எவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிகிறது என்று நினைத்தபோது அவளுக்குத் தன்னையே கொன்றுவிடலாம் போல இருந்தது.

மேலே கொல்லைக் கதவு திறந்தது. செருப்பைக் கழற்றி வைக்கிற சத்தம். காலடி அடுப்படிப் பக்கம் போய், அணைக்காமல் விட்ட அடுப்பை அணைத்துவிட்டு, படியின் தலைக்கு வந்து நின்றது. படி திரும்புகிற இடத்துக்கு மேலே வெளிச்சத்தில் புதுப்பொண்ணின் நிழல் மட்டும் சுவரில் விழுந்தது.

"அண்ணி? கீழயா இருக்கீங்க?"

அக்கா தம்பியின் முகத்தை முந்தானையால் துடைத்தாள்.

"அடுப்பைக்கூட அணைக்காம போயிட்டீங்க. அவரும் அங்கதான் இருக்காரா?" பதில் வராததை, டாக்டரம்மா சொன்னதைக் கேட்கத்தான் அண்ணி காத்திருக்கிறாள் என்று புதுப்பொண்ணு எடுத்துக்கொண்டாள். குரல் இறங்கிப்போயிற்று. "ஒண்ணும் இல்லயாம் அண்ணி. நல்லாப் பாத்துட்டாங்க. எப்பவும் போல நாள் தள்ளிப் போனதுதானாம்."

சுவரில் நிழல் அசைந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"எனக்குப் பழகிப்போச்சு. வர்ற வழியிலேயே அழுது முடிச்சுட்டேன். அவரை நினைச்சாத்தான்... நேத்து தொட்டில் எங்க கட்டறதுன்னு உத்தரத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு. இன்னைக்கு அவர்கிட்ட எதுவும் சொல்ல வேணாம் அண்ணி. நாளைக்கு வண்டி போகட்டும், அப்புறம் நானே பக்குவமா சொல்லிக்கறேன். நீங்க தெரியாத மாதிரி இருந்துடுங்க." பிறகு சட்டென்று குரலை இன்னும் தாழ்த்தி, கிசுகிசுத்தாள். "ஐயோ, நான் பாட்டுக்கு இங்க நின்னு பேசிட்டிருக்கேனே. உள்ள அவருக்குக் கேட்டுடப் போகுது."

"அவனுக்குக் கேக்காதும்மா" என்றாள் அக்கா.

"அப்பாடா" என்று சொல்லிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி புதுப்பொண்ணு படியிறங்கத் தொடங்கினாள்.